மா தல்சூவின் கை

காஜேகோல் கிராமத்துக்குப் போகும் சாலை ஏரிக்கரையோடு வளைந்து வளைந்து சென்று, ஒரு மீன் குழம்புக் கடையின் முன்னால் முடிந்துபோகும். முடிந்துபோகும் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. கடையைத் தாண்டியும் அந்தத் தார்ச்சாலை சரிவாக இறங்கி, அப்படியே ஏரித் தண்ணீருக்குள் போய்விடும். அணை கட்டுவதற்கு முன் அது கீழே இருந்த பழைய ஊருக்குப் போன சாலை. ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

சோல் சோரின் அங்கே வந்து காரை நிறுத்தியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மழைக்காலத்தின் முதல் மழை அன்று காலைதான் பிடித்திருந்தது. வெள்ளத்துக்கு இடம் விட வேண்டுமென்று ஏரியை முன்கூட்டியே வடித்திருந்தார்கள். அதனால் மற்ற மாதங்களில் கண்ணில் படாத பழைய ஊரின் கல்சுவர்கள், சேற்றுக்கு மேலே வரிசையாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தன. வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. அழுகிய பாசியும் பழஞ்சேறும் கலந்த வாடை, மூடிய கண்ணாடியைத் தாண்டிக் காருக்குள் வந்தது.

சோரின், தேஜோன் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையின் கருவிப் பிரிவில் வேலை பார்ப்பவள். இதய நோயாளிகளுக்குக் கருவி பொருத்தி, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. அவர்கள் இறந்துபோனால் கருவியைத் திரும்ப வாங்கி வருவதும் அவள் வேலைதான்.

அவள் வாங்க வந்தது மா தல்சூ என்ற மீனவரின் கைப்பட்டையை.

தல்சூவின் இதயம் பலவீனப்பட்டபோது, அவர் நெஞ்சுக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சென்சாரை வைத்தார்கள். சோரின் வேலை பார்க்கும் மையத்தில் எல்லோரும் அதை 'விதை' என்பார்கள். விதை, துடிப்பையும் உடம்புச் சூட்டையும் கவனித்து மணிக்கட்டில் இருக்கும் பட்டைக்குச் சொல்லும். பட்டை அதை மையத்துக்கு அனுப்பும். ஆனால் விதை மற்றக் கருவிகளைப்போலக் காற்றில் பேசுவதில்லை. உடம்பு வழியாகத்தான் பேசும். சதையும் ரத்தமும் தோலும்தான் அதற்குக் கம்பி. பட்டை தோலில் பட்டால் கேட்கும், பச்சை விளக்கு எரியும். தோலை விட்டு ஒரு விரற்கடை விலகினாலும் கேட்காது.

அதைப் புரியவைக்க சோரின் ஒரு சின்ன வேடிக்கை வைத்திருந்தாள். தல்சூவுக்கு விதை வைத்த வாரத்தில், பட்டையை அவர் மனைவி ஹாம் ஓக்புன்னின் கையில் கட்டிவிட்டு, "ஐயா, அம்மா கையைப் பிடிங்க" என்றாள்.

"நாப்பது வருஷமா பிடிக்காத கை. இப்ப எதுக்கு?" என்றார் ஓக்புன். "இவருக்கு வலையைப் பிடிக்கத் தெரியும், துடுப்பைப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்."

தல்சூ காது வரை சிவந்துபோய் மனைவியின் கையைப் பிடித்தார். ஓக்புன்னின் மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. வார்டே கைதட்டியது.

"பாத்தீங்களா? உங்க நெஞ்சு அவங்க கை வழியாப் பேசுது," என்றாள் சோரின். "பட்டை உங்க கையில இல்லாத நேரத்துல நெஞ்சு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா, பட்டை கட்டியிருக்கறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. எங்களுக்குத் தெரிஞ்சுடும். உடனே வந்துடுவோம்."

போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, வலையில் சிக்குகிறது என்று பட்டையைக் கழற்றிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, தல்சூ படகை எடுத்துக்கொண்டு போனார். படகு கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. மீட்புப் படை முக்குளித்துத் தேடியது. அடியில் மூழ்கிய மரங்களும் சுவர்களும் வண்டலும். கை நீட்டினால் கை தெரியாத கலங்கல். உடல் கிடைக்கவில்லை.

பனி உருகியபோது, அவருடைய விதையிலிருந்து மையத்துக்குச் செய்தி வரத் தொடங்கியது.

சூடு, ஏழு டிகிரி. துடிப்பு, ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

"விதை தண்ணிக்குள்ள, பட்டை கரையில. ரெண்டும் எப்படிம்மா பேசும்? பட்டை பழுது," என்றார் சோரினின் மேலதிகாரி பியோ. "போய் வாங்கிட்டு வா. அந்தம்மா சாப்பிடச் சொல்லுவாங்க. சாப்பிட்டு, அவங்களோட சேர்ந்து அழுதுட்டு, பட்டையை மறந்துட்டு வந்துடாதே. போன தடவை ஒரு வீட்டுல அப்படித்தான் பண்ணினே."

கடையின் பெயர்ப்பலகை இறக்கப்பட்டிருந்தது. மீன் தொட்டிகள் காலியாக இருந்தன. கதவைத் திறந்த ஓக்புன், அழுது வடிந்த முகத்தோடு இருப்பார் என்று சோரின் நினைத்திருந்தாள். அப்படியில்லை. தலை வாரி, ஏப்ரன் கட்டி, முழங்கை வரை நீளும் இளஞ்சிவப்பு ரப்பர் கையுறைகளை இரண்டு கைகளிலும் மாட்டியிருந்தார். கிம்ச்சி ஊறுகாய் பிசையும்போது எல்லா வீடுகளிலும் மாட்டும் கையுறைகள்தான்.

"வா பொண்ணே. வேலையைக் கெடுத்துட்டேனாம்மா?"

"நான்தான் உங்க வேலையைக் கெடுத்துட்டேன்போல. கிம்ச்சி போடறீங்களா?"

"இல்ல," என்று மட்டும் சொன்னார்.

அவித்த உருளைக்கிழங்கும் பார்லித் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். கையுறையோடுதான் தட்டை வைத்தார். கையுறையோடுதான் கிழங்கின் தோலை உரித்தார். ரப்பரில் மாவு ஒட்டி ஒட்டி வந்தது.

"கையைக் கழுவிட்டு நீங்களும் சாப்பிடுங்கம்மா."

"இதை நான் கழட்டறதில்ல. படுக்கும்போதுகூட."

துக்கத்தில் மனிதர்கள் செய்கிற பலதையும் பார்த்தவள் சோரின். இறந்த கணவனின் செருப்பை அணிந்து திரிந்த ஒரு பேராசிரியரைக்கூடப் பார்த்திருக்கிறாள். மெதுவாகப் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, ஐயாவோட பட்டை உங்ககிட்டதானே இருக்கு? அது பழுதாயிடுச்சு. எங்களுக்குத் தப்புத் தப்பா செய்தி வருது."

"தப்பா ஒண்ணும் வரலை."

மழை கூரைத் தகட்டில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

ஓக்புன்னின் இடது கையுறைக்குள், மணிக்கட்டுப் பக்கம், ரப்பருக்கு அடியில் ஒரு பச்சை வெளிச்சம் எரிந்தது.

இளஞ்சிவப்பின் வழியாக அது அழுக்கு நிறத்தில், காயம் கன்றியதுபோல் தெரிந்தது. ஓக்புன் அசையவில்லை. உரித்த கிழங்கு கையில் இருக்க, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை மட்டும் மேசையின் மேல் மிக மெதுவாக, ஜன்னல் பக்கமாக நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி.

வலது கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் அழுத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் வெளிச்சம் அணைந்தது.

"பாத்தியா," என்றார் கிசுகிசுப்பாக. "அவர்தான்."

"அம்மா..."

"அவர் ஞாபகமா எடுத்துக் கட்டிக்கிட்டேன். முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. உயிரோட இருந்தப்ப பிடிக்காத கையை இப்பவாவது பிடிக்கிறாரேன்னு உட்கார்ந்து அழுதேன். அப்புறம் இழுக்க ஆரம்பிச்சார். பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது. எப்பவும் ஒரே பக்கம். அந்தச் சாலைப் பக்கம். கையுறை போட்டா பிடிக்க முடியாதுன்னு நினைச்சேன். அதுக்குள்ளயும் வருது."

"அப்ப பட்டையைக் கழட்டிக் குடுத்துடுங்க. இனிமே எதுவும் வராது."

ஓக்புன் அவளைப் பார்த்தார். ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கழட்டிட்டா பிடிக்க மாட்டார்னு யாரு சொன்னா? பிடிச்சிருக்கறது எனக்குத் தெரியாமப் போயிடும், அவ்வளவுதான். பச்சை எரிஞ்சா கதவைப் பூட்டிட்டு, தூணைக் கட்டிப் பிடிச்சுட்டு நிப்பேன். இது இல்லைன்னா ஒருநாள் நானே நடந்து போய்த் தண்ணிக்குள்ள நிப்பேன். எப்ப வந்தேன்னுகூடத் தெரியாது."

சோரின் பயப்படவில்லை. அப்போது வரை இல்லை. பழுதான பட்டையும் தூக்கமில்லாத மூளையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் பையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்தாள். அதில் தல்சூவின் விதை எண்ணைப் பதிந்தாள். ஒவ்வொரு விதைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்கிற விதையைத் தவிர வேறெதற்கும் பட்டை காது கொடுக்காது.

"இது புத்தம் புதுசு. என் கையில கட்டிக்கறேன். எரியாது, பாருங்க. ஏன்னா என் உடம்புல விதை இல்ல. எரிஞ்சுட்டிருந்தது உங்க பட்டையோட கோளாறுன்னு உங்களுக்கே புரியும். காத்துல இது ஒரு அங்குலம்கூட..."

ஓக்புன்னின் கையுறைக்குள் பச்சை எரிந்தது.

அணைந்தது.

சோரினின் இடது மணிக்கட்டில் எரிந்தது.

விளக்கை அவள் பார்ப்பதற்கு முன்பே தோல் உணர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டாற்போல ஒரு குளிர். அந்தக் குளிருக்கு உருவம் இருந்தது. உள்ளங்கையின் குறுக்கே ஒரு கட்டைவிரல். புறங்கையைச் சுற்றி மற்ற விரல்கள். ஈரமில்லை. அழுத்தம் மட்டும் இருந்தது. திடீரென்று வெடுக்கென்று பற்றாமல், மெதுவாக, இருட்டில் படிக்கட்டின் கைப்பிடியைத் தேடுகிறவர்போலத் தடவித் தடவி, பிறகு இறுகப் பற்றியது.

பட்டையின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. ஏழு டிகிரி. துடிப்பு, ஒன்று.

அவள் பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

விரல்கள் போகவில்லை.

"கழட்டினாலும் விட மாட்டார்னு சொன்னேனே!" என்று ஓக்புன் கத்தியது அவளுக்குப் பின்னால் எங்கோ கேட்டது. அவள் அதற்குள் மழையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கார் ஒரே முறையில் கிளம்பியது. வந்த வழியாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வலது கையால் கியரைத் தள்ளி, இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது. முன்னால் சாலை தெரிந்தது. நல்ல தார்ச்சாலை. நடுவில் மஞ்சள் கோடுகூட இருந்தது. அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

அந்தச் சாலையின் ஓரத்தில் ஏன் மரங்கள் இல்லை என்று ஒரு கணம் நினைத்தாள்.

ஏன் சரிவாக இறங்குகிறது?

ஜன்னலில் யாரோ ஓங்கி அடித்தார்கள். பக்கவாட்டில் ஓடி வந்துகொண்டிருந்த ஓக்புன்னின் இளஞ்சிவப்புக் கைகள். சோரின் பிரேக்கை மிதித்தாள். கார் வழுக்கிக்கொண்டே போய், முன் சக்கரங்கள் சேற்றில் புதைந்து நின்றது. பத்தடிக்கு அப்பால் தண்ணீர் மழையில் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கை, அவள் சொல்லாமலே, ஸ்டியரிங்கை ஏரிப்பக்கம் முழுக்கத் திருப்பி வைத்திருந்தது.

ஓக்புன் கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தார். இரண்டு பேரும் மழையில் தார்ச்சாலையின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். சோரினின் பற்கள் கிட்டிப்போயிருந்தன.

"இன்னும் பிடிச்சிருக்கா?"

சோரின் தலையசைத்தாள்.

"என்னை விட்டுட்டு உன்னைப் பிடிச்சிருக்கார். பாவி மனுஷன், நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அடுத்த பொம்பளையைத் திரும்பிப் பாக்காத ஆளு," என்றார் ஓக்புன். சிரிக்க முயன்றார். வரவில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீதானே சொன்னே. நெஞ்சு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா கையைப் பிடிங்க, வந்துடுவோம்னு."

சோரின் சொன்னாள்தான். நூற்றுக்கணக்கான பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அவர் கூப்பிடறார்," என்றார் ஓக்புன். "நான்தான் பயந்து பயந்து கதவைப் பூட்டிக்கிட்டேன். அந்தச் சுவரெல்லாம் இன்னிக்குத்தான் வெளியே தெரியுது. இந்த மழை விடாம பெஞ்சா நாளன்னிக்கு மறுபடி முங்கிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். இதுவரைக்கும் நான் தனியாப் போகலை. போனா திரும்ப மாட்டேன். நீ கூட வந்தா போவேன்."

"போலீசைக் கூப்பிடலாம்மா."

"கூப்பிட்டு என்ன சொல்லுவே? செத்தவர் கையைப் பிடிச்சு இழுக்கறார்னா?"

சோரினின் கை மெதுவாக முன்னால் நீண்டது. தோள்பட்டை வரை இழுபட்டது. வலிக்கவில்லை. ஒரு வயதானவர் சாலையைக் கடக்க உதவி கேட்பதுபோல இருந்தது. அந்த நினைப்புத்தான் அவளை எழுந்திருக்க வைத்தது. அந்த மனிதர் காது சிவந்து நின்றது அவள் கண்முன் வந்தது. நாங்கள் வருவோம் என்று நம்பித்தானே பிடித்திருக்கிறார்?

ஓக்புன் தன் இரண்டு கையுறைக் கைகளாலும் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் சாலையோடு கீழே இறங்கினார்கள்.

தார் முடிந்து சேறு தொடங்கியது. கணுக்கால் வரை, பிறகு கெண்டைக்கால் வரை. மழைச்சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வெயில் இல்லாத மூன்று மணி வெளிச்சத்தில் கல்சுவர்களுக்கு நிழல்கூட இல்லை. ஒரு சுவர், வாசல் இருந்த இடைவெளி, பிறகு அடுத்த சுவர். கை அவளை ஒவ்வொரு வாசலையும் தாண்டிக் கூட்டிப்போனது. தயங்கவே இல்லை. வழி தெரிந்த கை.

கடைசிச் சுவரின் மூலையில், முழங்கால் அளவுத் தண்ணீரில், நீல நிற வலை ஒன்று சுருண்டு கிடந்தது. வலைக்குள் மஞ்சள் மழைக்கோட்டு.

ஓக்புன் சோரினின் கையை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே மண்டியிட்டார்.

"இங்கேயா இருந்தீங்க," என்றார். "கடைவாசல்ல நின்னு கூப்பிட்டா கேக்கற தூரத்துலயா இருந்தீங்க?"

கையுறைகளைக் கழற்றி எறிந்தார். வெறுங்கையால் வலையை விலக்கி அந்த முகத்தின் மேல் படிந்திருந்த சேற்றைத் துடைத்தார். சோரின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, முடிந்தது, இனி விட்டுவிடும் என்று காத்திருந்தாள்.

விடவில்லை.

விரல்கள் இன்னும் இறுகின. இழுத்தன. வலைப்பக்கம் அல்ல. வலையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ஏரியின் நடுவை நோக்கி.

"அம்மா."

"இருடி. வலையை அறுக்கணும்..."

"அம்மா, அது நிக்கலை."

ஓக்புன் நிமிர்ந்து பார்த்தார். சோரின் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். எப்போது அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் இடது கை, யாரோ முன்னால் நடந்து கூட்டிப்போவதுபோல நேராக நீண்டிருந்தது.

அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலைக்குள் பார்த்தார்கள்.

மா தல்சூவின் கைகள் இரண்டும் அவர் நெஞ்சின் மேல் மடங்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வலைக்கயிறு சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தன. விழுந்த நாளிலிருந்தே அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். ஒரு விரலைக்கூட அவர் அசைத்திருக்க முடியாது.

ஓக்புன்னின் மணிக்கட்டில் பட்டை இருண்டிருந்தது. அவர் வெறுங்கைகள் கணவரின் கன்னங்களின் மேல், தோலோடு தோலாக இருந்தன.

விளக்கு எரியவில்லை.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கே," என்றார் ஓக்புன். குரல் உடைந்து, சிறுபிள்ளையின் குரல்போல வந்தது. "இங்க தண்ணி வெதுவெதுன்னுதானே இருக்கு. பட்டையில ஏழு டிகிரின்னுதானே வரும். அது ஏரியோட அடி ஆழத்துல இருக்கற குளிர்."

சோரின் இன்னும் ஓரடி போனாள். காலுக்கடியில் சரிவு தொடங்கியது.

ஓக்புன் பாய்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஒரு காலைச் சுவரின் இடுக்கில் முட்டுக்கொடுத்து, ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்து, மீன் சந்தையில் கூவிக் கூவிக் கனத்த தொண்டையால் கத்தினார்.

"யாருடா நீ? என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தவன் யாரு? இத்தனை நாளா என் கையைப் பிடிச்சது யாருடா?"

மழை விழுந்துகொண்டிருந்தது. ஏரியின் நடுவில், மழைத்துளிகள் குத்தாத ஒரு வட்டம் வழுவழுப்பாக, எண்ணெய் படிந்ததுபோல் கிடந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ.

பிறகு விரல்கள் தளர்ந்தன.

ஒவ்வொன்றாக விட்டன. சுண்டுவிரல். அதற்கடுத்தது. நடுவிரல். ஆள்காட்டி. கட்டைவிரல்.

அதற்குப் பிறகும் இன்னும் ஒன்று விட்டது.

அன்று மாலையே மீட்புப் படை வந்தது. உடலை எடுத்தார்கள். கணவரைத் தேடிச் சுவர் வரை நடந்ததாக ஓக்புன் சொன்னார். சோரின் துணைக்குப் போனதாகச் சொன்னாள். இரண்டும் உண்மைதான். மூன்று நாள் சடங்குக்கும் சோரின் போனாள். கறுப்புடையில், விருந்தினர்களுக்குக் காரக் குழம்பும் சோஜு மதுவும் பரிமாறிக்கொண்டிருந்த ஓக்புன்னின் கைகள், பல மாதம் ரப்பருக்குள் இருந்து வெளிறித் தோல் உரிந்திருந்தன. தல்சூவை எரித்த பிறகு கடையை அப்படியே பூட்டிவிட்டு, இஞ்சோனில் மகளின் வீட்டுக்கு, உயரமான கட்டிடத்தின் மேல்மாடிக்குப் போய்விட்டார். ஏரிப்பக்கம் திரும்பவே இல்லை.

எரிப்பதற்கு முன் எடுத்த விதை மையத்துக்கு வந்தது. பியோ அதைத் தானே பிரித்துப் பார்த்தார். பிறகு சோரினைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"உள்ளே தண்ணி போயிருக்கு. எல்லாம் துரு. அவர் விழுந்த அன்னிக்கே இது செத்துப்போச்சு. இதுலேர்ந்து ஒரு செய்தி, ஒரே ஒரு செய்திகூட வந்திருக்க முடியாது."

"ஆனா வந்த எண் இதோட எண்தானே சார்?"

பியோ வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். அன்று இல்லை. "ஆமா," என்றார். "இதோட எண்தான்." கொஞ்ச நேரம் அந்தத் துருப்பிடித்த மொச்சைக்கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னை ஆபீஸ் வேலைக்கு மாத்திடறேன். இனிமே வெளியூர் போக வேண்டாம்."

இலைகள் பழுக்கும் காலத்தில் ஓக்புன் தொலைபேசியில் கூப்பிட்டார். பேத்தியைப் பற்றி, மருமகன் சமைக்கும் உப்பில்லாச் சாப்பாட்டைப் பற்றி, மேல்மாடியிலிருந்து பார்த்தால் மனிதர்கள் எறும்புபோல் தெரிவதைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"எனக்கு விட்டுடுச்சு பொண்ணே. சுத்தமா விட்டுடுச்சு. உனக்கு?"

"எனக்கும்தான்மா," என்றாள் சோரின். அது பொய்யில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அவள் கையில் எதுவும் படவில்லை. குளிரில்லை, இழுப்பில்லை. நன்றாகத் தூங்கினாள். நண்பர்களோடு மலையேறப் போனாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். அந்த மழைநாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நாள்பட நாள்பட, பயத்தில் எதையோ கற்பனை செய்துகொண்டோம் என்றுகூடத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஆண்டு முடிவதற்குள் ஊழியர்கள் எல்லோரும் உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பனிக்கால வெயில் கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்த ஒரு காலையில், சோரின் வேறொரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நின்றாள். உயரம், எடை, பார்வை, ரத்தம். கடைசியாக ஈ.சி.ஜி. எடுக்கும் சிறிய அறை. திரைக்கு இந்தப் பக்கம் கட்டில். அந்தப் பக்கம் இயந்திரமும் ஒரு நடுவயது நர்சும்.

நர்ஸ் வந்து அவள் மார்பிலும் மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் பிடிப்பான்களை மாட்டினார். "கடிகாரம், போன் எல்லாம் எடுத்தாச்சா? அசையாம படுங்க. ரெண்டு நிமிஷ வேலை," என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

இயந்திரம் மெலிதாகக் கிறுக்கத் தொடங்கியது. வெளியே யாரோ சிரித்தார்கள். ஹீட்டரின் சூடு இதமாக இருந்தது.

கிறுக்கல் நின்றது. நர்ஸ் 'ச்சு' கொட்டினார்.

"கூட வந்தவங்களை வெளியிலே இருக்கச் சொல்லுங்கம்மா."

"யாரும் வரலையே," என்றாள் சோரின்.

"வந்து கையைப் பிடிச்சிட்டு நிக்கறாங்களே. இங்க தெரியுதே." திரைக்குப் பின்னால் காகிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. "ஒருத்தர் கையை இன்னொருத்தர் பிடிச்சா ரெண்டு பேர் துடிப்பும் கலந்து விழும். உங்களது சரியா இருக்கு. அதுக்கு அடியில இன்னொண்ணு வருது பாருங்க. என்ன இது, இவ்வளவு மெதுவா..."

நர்ஸின் குரல் நின்றது.

"விடச் சொல்லுங்க," என்றார் பிறகு, மிக மெதுவாக.

சோரின் தலையை மட்டும் திருப்பி, கட்டிலின் வெள்ளை விரிப்பின் மேல் கிடந்த தன் இடது கையைப் பார்த்தாள். அதில் குளிரில்லை. வலியில்லை. எந்த உணர்ச்சியுமே இல்லை.

விரல்கள் மூடியிருந்தன. அவள் மூடவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத அந்த இடுக்குகளில், தோல் உள்ளே அழுந்தி வெளுத்துப்போயிருந்தது.